அதெல்லாம் நின்ற பிறகும் ஹார்மோனா?

"எனக்கு அதெல்லாம் நின்னு பல வருஷமாச்சே தம்பி, இன்னும் என்ன ஹார்மோனுக்கு மாத்திரை?" புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோல் மாத்திரை அட்டையை நீட்டும்போதெல்லாம், மாதவிலக்கு நின்றுபோன யாராவது ஒரு அம்மா இப்படிக் கேட்பார்.

நியாயமான கேள்விதான். இவர்களின் கட்டிக்குத் தீனி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்; அது உருவாகாமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை. சினைப்பை ஓய்ந்தாலும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களைத் தந்துகொண்டே இருக்கிறது. கொழுப்பு, தசை, தோலில் உள்ள அரோமடேஸ் நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக்கிவிடும். இந்த நொதிக்கான மரபணு ஒன்றுதான், ஆனால் இடத்துக்கு இடம் சுவிட்ச் வேறு. சினைப்பையில் அதைப் போடுவது, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன். கொழுப்பில் கார்டிசோல் என்ற அட்ரினல் ஹார்மோன் போன்றவை. மார்பில் கட்டி வந்துவிட்டால், அதை ஒட்டிய கொழுப்பில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் பெருகி, சினைப்பையில் வேலை செய்யும் அதே சுவிட்சைப் போட்டுவிடுகிறது. தனக்கு வேண்டிய தீனியைப் பக்கத்திலேயே தயார் செய்துகொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அரோமடேஸைத் தடுக்கத்தான் மாத்திரைகள். லெட்ரோசோல் 2.5 மி.கி., அனாஸ்ட்ரோசோல் 1 மி.கி. இரண்டும் நொதியில் ஒட்டி வேலையை நிறுத்தும், பிறகு விலகும். எக்செமெஸ்டேன் 25 மி.கி. அப்படியல்ல, ஒட்டிய நொதியையே முடக்கிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டால்தான் அது நன்றாக உடம்பில் சேரும் என்பதால் அட்டையிலேயே எழுதிக் கொடுப்பேன்.

நான் இரண்டு தடவை பார்ப்பது இளம்வயதுப் பெண்களின் சீட்டைத்தான். கீமோவில் மாதவிலக்கு நின்றிருந்தாலும் சினைப்பை ஓய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. மாத்திரையால் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச்சை ஏற்றும், சினைப்பை இன்னும் வேகமாக வேலை செய்யும். "என் தங்கச்சிக்குக் குழந்தைக்காகக் குடுத்த மாத்திரையாச்சே இது!" என்று ஒரு பெண் திகைத்தார். அவர் சொன்னது சரி, முட்டை வளர அதைக் கொடுப்பது இந்தக் குணத்துக்காகத்தான். அதனால் இவர்களுக்குச் சினைப்பையை அடக்க கோசெரலின் 3.6 மி.கி. ஊசி 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட வேண்டும். சீட்டில் மாத்திரை மட்டும் இருந்தால் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

இந்த மாத்திரைகளில் பெரிய தொல்லை மூட்டு வலிதான். காலையில் விரலை மடக்க முடியவில்லை என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் மூச்சு விட மாட்டார்கள். அடுத்த அட்டை வாங்க வரும் தேதி தள்ளிப்போனாலே எனக்குத் தெரிந்துவிடும். வலி தாங்காவிட்டால் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் தேயும்; அதைக் கவனிக்க எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும், எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டியும் இருக்கின்றன. சொல்லாமல் நிறுத்தினால் அரோமடேஸ் பழையபடி வேலையை ஆரம்பித்துவிடும்.