ரவரில் கடற்கழுகுக் கூடு: ஒரு லைட் மாற்ற ஆறு கிழமை

பெப்ரவரி முதல் கிழமை செய்திருக்கவேண்டிய லைட் வேலையை மார்ச் நடுப்பகுதியில்தான் செய்து முடித்தோம். 'பறவையால் தாமதம்' என்று கொழும்பில் கம்பனிக்காரர் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பறவையால் ஒரு நாள்கூடப் போகவில்லை. போன நாள் எல்லாம் கடிதத்தால் போனது. யாழ்ப்பாணத்தில் தீவகத்திலும் வடமராட்சிக் கரையிலும் தொலைத்தொடர்பு ரவர் (கோபுரம்) பராமரிப்பு வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலணைப் பக்கம், கடல்நீரேரியைப் பார்த்தபடி ஒரு பனங்காணிக்குள் நிற்கிற 60 மீற்றர் ரவர் அது. உச்சியில் இருக்கும் சிவப்பு எச்சரிக்கை லைட் அணைந்துவிட்டதாக அலாரம் வந்தது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு, இந்த லைட் விஷயத்தில் யாரும் 'பிறகு பார்ப்போம்' என்று சொல்ல முடியாது. அதோடு துருப்பிடித்த போல்ட் மாற்றுவது, பெயின்ற் அடிப்பது, ஒரு டிஷ்ஷைத் திருப்பி இறுக்குவது என்று வேறு வேலைகளும் பட்டியலில் இருந்தன.

ரவரில் ஏறி வேலை செய்கிற ரிகர் தம்பி 40 மீற்றர் வரை ஏறிவிட்டு உடனே இறங்கினான். "அண்ணை, மேல் தட்டில கட்டில் அளவுக்குக் கூடு. பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு கிடக்கு. தாய் தலைக்கு மேலயே வந்திட்டுது" என்றான். இறங்கமுன் போனில் இரண்டு படம் எடுத்திருந்தான். அந்த இரண்டு படமும் இல்லாவிட்டால் நான் இன்னும் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருப்பேன்.

ஊரில் கேட்டால் பருந்து, கழுகு எல்லாமே பிராந்துதான். ஆனால் இது செம்பிராந்து இல்லை. தலையும் வயிறும் தூய வெள்ளை, சிறகு சாம்பல் நிறம், வால் ஆப்பு வடிவம். ரவரின் அடியில் மீன் முள்ளோடு கடற்பாம்பின் எலும்பும் கிடந்தது. வெண்வயிற்றுக் கடற்கழுகு. இதன் குஞ்சு முட்டையிலிருந்து வந்து கூட்டை விட்டுப் பறக்க ஏறக்குறைய பத்துக் கிழமை ஆகும். அடுத்த வருடமும் அதே சோடி அதே கூட்டுக்கு வந்து, மேலே இன்னும் சுள்ளி அடுக்கும். அதனால்தான் கூடு கட்டில் அளவுக்கு வளர்ந்திருந்தது. எங்கள் பரிசோதனைப் படிவத்தில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் கட்டம் இருக்கிறது, கூட்டுக்கு இல்லை. அதனால் போன வருடம் ஏறியவர்கள் கண்டிருந்தாலும் எழுதவில்லை.

அன்றைக்கே ஒருவர் சொன்னார்: "இரவில ஏறித் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்?" அவரோடு சண்டை பிடித்தேன். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தில் பறவையைக் கொல்வது மட்டும் குற்றமில்லை, பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டையும் முட்டையையும் அழிப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு குஞ்சை 45 மீற்றர் உயரத்திலிருந்து தள்ளச் சொல்லி என் பொடியனிடம் நான் சொல்லமாட்டேன்.

சரி, முறைப்படி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதுவோம் என்றால், அங்கேதான் கதை தொடங்கியது.

கம்பனியிலிருந்து வந்த முதல் கடிதத்தில் 'காகக் கூடு' என்று இருந்தது. காகம் என்றால் கேள்வி வராது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். படத்தில் வெள்ளைக் கழுகு, கடிதத்தில் காகம். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்களை யார் நம்புவார்கள்? திருப்பி அனுப்பினேன். எட்டு நாள். இரண்டாவது கடிதத்தில் பறவையின் பெயர் சரி, ஆனால் கடிதம் முழுக்க ஆங்கிலம், சைட் இலக்கம் மட்டும் இருந்தது, ஊரின் பெயரே இல்லை. அதோடு முதலில் உள்ளூரில் ஒரு கந்தோரில் உறுதிப்படுத்திக்கொண்டு போ என்று சொன்னார்கள். அங்கே மேசையில் இருந்தவர் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "ரவர் உங்கட, வேலை உங்கட. உதுக்கு எங்கட சீல் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னது ஒரு வகையில் சரி. அந்தச் சீல் தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காக இரண்டு தடவை பண்ணைப் பாலம் கடந்து போய் வந்தேன். காணிக்கார அம்மாவையும் ஒருநாள் மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தேன். அதை நினைக்க இன்றைக்கும் மனம் சுடுகிறது.

மூன்றாவது கடிதத்தை நானே தமிழில் எழுதி, கம்பனித் தலைப்பில் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தவை: ரவர் நிற்கும் ஊரும் ஜிபிஎஸ் இலக்கமும், கூடு எத்தனையாவது மீற்றரில் எந்தப் பக்கம், ஏணி கூட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்த வேலை உடனே வேண்டும், எது பொறுக்கும், எத்தனை பேர் எவ்வளவு நேரம் ஏறுவார்கள், திகதியோடு இரண்டு படம். 'எது பொறுக்கும்' என்ற வரிதான் எல்லாவற்றையும் நகர்த்தியது. எல்லா வேலைக்கும் ஒன்றாக அனுமதி கேட்டால் யார் என்றாலும் தயங்குவார்கள். லைட் மட்டும் இப்போது, மிச்சம் குஞ்சு பறந்த பிறகு என்று பிரித்துக் கேட்டதும் ஐந்தாம் நாள் அதிகாரி ஒருவர் நேரில் வந்தார்.

அவர் தூரத்தில் பனை மறைவில் நின்று, பைனாகுலரால் நெடுநேரம் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "இதைப் பெப்ரவரியிலயே செய்திருக்கலாம். அப்ப குஞ்சு சின்னன், வெயில் படாமல் பார்த்தால் போதும். இப்ப சிறகு முளைச்சிட்டுது. பயந்தால் பறக்கத் தெரியாமல் குதிச்சிடும்." நாங்கள் பேப்பர் சரிசெய்த ஐந்து கிழமையில் குஞ்சுக்கு ஆபத்துக் கூடியிருந்தது. இதைத்தான் எல்லாரும் கவனிக்கவேண்டும் என்கிறேன். ஆறுதலாகச் செய்தால் பறவைக்கு நல்லது என்று நினைக்கக் கூடாது. சின்னக் குஞ்சு இருந்த இடத்திலேயே கிடக்கும். வளர்ந்த குஞ்சு விளிம்புக்கு வரும்.

நிபந்தனைகள் கடுமைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. இரண்டு பேர் மட்டும் ஏறவேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறமுன் இறங்கவேண்டும். டிரில் கூடாது, சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது. குஞ்சு தட்டின் விளிம்புக்கு நகர்ந்தால் இருந்த இடத்தில் அப்படியே நிற்கவேண்டும். அதிகாரி கீழே நின்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

லைட் மாற்ற இருபது நிமிடம் போதுமாக இருந்தது. தாய் மூன்று தடவை தாழப் பறந்தது, ஹெல்மட்டில் படவில்லை.

இறங்கும்போது தம்பி ஒன்றைக் கண்டான். கூட்டிலிருந்து நைலோன் நூல் நீளமாகத் தொங்கியது. தைப்பொங்கல் காலத்தில் வாடைக் காற்றுக்கு ஏற்றிய பட்டம் ஏதோ அறுந்து வந்து சிக்கியிருக்கிறது. வல்வெட்டித்துறையில் மட்டுமா, குடாநாடு முழுக்கத் தை மாதம் வானம் நிறையப் பட்டம்தானே. அதிகாரியிடம் கேட்டு, கூட்டில் கை படாமல், வெளியே தொங்கிய நூலை மட்டும் வெட்டி எடுத்தான். கீழே கொண்டுவந்து அளந்தால் பதினொரு மீற்றர். குஞ்சின் காலில் அது சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கு எனக்கு லைட் எரிந்ததைவிட அந்த நூல்தான் பெரிய விஷயமாக இருந்தது.

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை குஞ்சு பறந்துவிட்டது என்று காணிக்கார அம்மா போன் எடுத்தார். போல்ட், பெயின்ற், டிஷ் எல்லாம் மூன்று நாளில் முடிந்தது. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குஞ்சு போனதற்கும் சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசத் தொடங்குவதற்கும் இடையில் கிடைப்பது சில கிழமைதான். சோளகத்துக்குள் 60 மீற்றரில் பெயின்ற் வாளியோடு நிற்க முடியாது, அது ஓய்ந்தால் மாரி மழை வந்துவிடும். ஆகவே ஆளையும் பெயின்ற்றையும் மார்ச் மாதமே ஒழுங்குபண்ணி வைத்திருங்கள்.

இப்போது கூடு வெறுமையாக இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று கம்பனியிலிருந்து கேட்டார்கள். வெறும் கூடு என்றாலும் எழுதிக் கேட்காமல் கை வைக்கமாட்டேன் என்றேன். தட்டில் ஏணிப் பக்கம் ஒரு ஆள் போக இடம் இருக்கிறது, கூடு இருப்பதால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்றும் படத்தோடு அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஐப்பசியில், பறவைகள் சுள்ளி கொண்டுவரமுன், லைட்டையும் வயரையும் ஒருமுறை முழுதாகப் பார்க்கத் திகதி போட்டு வைத்திருக்கிறேன். பரிசோதனைப் படிவத்தின் கடைசியில் 'கூடு: ஆம் / இல்லை' என்று பேனையால் ஒரு கட்டம் கீறி, எங்கள் பகுதியில் ஏறுகிற எல்லாத் தம்பிமாருக்கும் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.