சிறிய டிரெய்லரில் தனியாகக் குடியேறியபோது கற்றுக்கொண்டவை

நான்கைந்து மீட்டர் நீளமுள்ள ஒரு டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அதையே ஆண்டு முழுவதற்குமான வீடாக ஆக்கிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது, எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: தனியாகவா, பயமாக இருக்காதா? பயம் எனக்கும் இருந்தது. ஆனால் உட்கார்ந்து அதைத் தனித்தனியாகப் பிரித்து எழுதிப் பார்த்தபோது, இரவில் யாரோ கதவைத் தட்டுவார்கள் என்ற ஒரு வரியைத் தவிர மற்றவையெல்லாம் எடை, காற்று, ஈரம், மின்சாரம், காகிதம் என்று அளந்தும் கேட்டும் தெரிந்துகொள்ளக் கூடியவையாகவே இருந்தன. இதே முடிவை மனத்தில் வைத்திருக்கும் பெண்களுக்கு அவற்றில் எவை உண்மையில் முக்கியம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடை. டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் வண்டியின் எடைதான். அதில் குடியிருக்கப் போகிறவருக்குத் தண்ணீர், காஸ் சிலிண்டர், பேட்டரி, எல்லாப் பருவத்துக்குமான உடைகள், கருவிகள், பத்திரங்கள் அனைத்தும் அதன் மேல் ஏறும். விடுமுறைக்குப் போகிறவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பொருள்கள்கூட நமக்கு வண்டிக்குள்தான் இருந்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியில் 80 லிட்டர் நிரப்பினால் இன்னொரு பெரிய மனிதரை ஏற்றிக்கொண்டது போலத்தான். ஆகவே வாங்கும் முன், அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடைக்கும் அதன் வெற்று எடைக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன்; படுக்கையும் அடுப்பும் எவ்வளவு அழகாக இருந்தன என்பது அதற்குப் பிறகுதான். சாமான் எல்லாம் ஏற்றிய பின் ஒரு எடைமேடைக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பார்த்ததும், மனக்கணக்கில் போட்டதைவிட உண்மை எடை எப்போதும் கூடுதலாகவே வரும் என்பது தெரிந்தது.

மொத்த எடையைப் போலவே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். காரின் பின்னால் உள்ள இணைப்புக் கொக்கியின் மேல் டிரெய்லரின் முன்பகுதி அழுத்தும் பாரம் வட அமெரிக்க வழக்கப்படி மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பிய வண்டிகளில் இது குறைவு. எதுவானாலும் காரின் கையேடும் டிரெய்லரின் கையேடும் சொல்வதே முடிவானது. கனமானவற்றைப் பின்பக்க அலமாரியில் அடுக்கிவிட்டால் இந்தப் பாரம் குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதித்து அழுத்தவும் கூடாது, வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வண்டி தானாக வேகம் குறைய விட வேண்டும். டிரெய்லரின் பிரேக்கைத் தனியே இயக்கும் கருவி காருக்குள் இருந்தால் அதை மட்டும் மெதுவாகத் தொடலாம். இதை வார்த்தையாகப் படித்து வைத்திருப்பதைவிட, கனமான பொருள்கள் எல்லாம் டிரெய்லரின் சக்கர அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும், தரையை ஒட்டியும் இருக்கும்படி அடுக்கிவிடுவதே பெரிய பாதுகாப்பு.

பின்னோக்கி எடுப்பதுதான் பலரைத் தயங்க வைக்கிறது, அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. நீளமான டிரெய்லரைவிடக் குட்டையான டிரெய்லர் சட்டென்று மடங்கும். அதனால் சிறியது சுலபம் என்ற நம்பிக்கை இந்த ஒரு விஷயத்தில் பொருந்தாது. கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் வாலும் நகரும் என்ற ஒரே விதியை வைத்து, ஒரு காலி மைதானத்தில் நான் பழகினேன். இருவராகப் பயணம் செய்கிறவர்களில் ஒருவர் பின்னால் நின்று கையசைத்து வழிகாட்டுவார். நமக்கு அந்த ஆள் கிடையாது. அதற்குப் பதிலாக, சக்கரம் வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய கூம்பை வைத்துவிட்டு, சில அடிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுவேன். முகாம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தனியாகவே டிரெய்லரில் வாழும் ஒரு மூத்த பெண்மணி, நான் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்து, "சந்தேகம் வந்தால் இறங்கிப் பாரும்மா, யார் காத்திருந்தாலும் காத்திருக்கட்டும்" என்றார். மேலே மரக்கிளை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கவே முடியாது என்பதையும் அவர்தான் அண்ணாந்து காட்டிச் சொன்னார்.

பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன்களில் ஒன்றான 'வாண்டரர்' 1885-இல் பிரிட்டனில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காகச் செய்யப்பட்டது. குதிரைகள் இழுத்த அந்த வண்டியில் அவர் பயணம் செய்தபோது வண்டியோட்டியும் பணியாளும் உடன் போனார்கள். அந்த வேலைகள் எல்லாவற்றையும் இன்று ஒரே பெண் செய்கிறாள் என்பதை நினைத்தால், நினைவாற்றலை நம்பாமல் ஒரு வரிசையை நம்புவது ஏன் அவசியம் என்பது புரியும். டிரெய்லரைக் காரில் மாட்டும்போது என் வரிசை இப்படி: டிரெய்லரின் முன்முனையில் உள்ள கப்ளர், காரின் கொக்கிப் பந்தின் மேல் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுதல், ஜாக்கியால் முன்பகுதியைச் சற்றே மேலே தூக்கிப் பார்த்து, காரின் பின்புறமும் சேர்ந்து எழுகிறதா என்று உறுதிசெய்தல், பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுதல், டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் கம்பியைக் காரின் சட்டத்தில் இணைத்தல், விளக்குகளைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தல், ஜாக்கியை முழுவதும் ஏற்றுதல், கடைசியாகத்தான் சக்கரத்துக்கு வைத்த அடைக்கட்டையை எடுத்தல். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், பேசி முடித்தபின் மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவேன். பேச்சு எவ்வளவு இனியதாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இதற்கெல்லாம் உடல்பலம் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. பாரத்தைத் தூக்குவது ஜாக்கியின் வேலை, நம்முடைய முதுகின் வேலை அன்று. தண்ணீர் கேனை மட்டும் 20 லிட்டராக வாங்காமல் 10 லிட்டராக இரண்டு வாங்குவது நல்லது; தனியாக இருக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால் அடுத்த பல நாள்களுக்கு எந்த வேலையும் ஓடாது.

குடியேறிய பின் நான் அதிக கவனம் செலுத்த வேண்டியிருந்தது காஸும் ஈரமும்தான். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். டிரெய்லரின் தரையில் சில இடங்களில் துளைகள் விடப்பட்டிருப்பது அதற்காகவே. குளிர் வருகிறதென்று அவற்றைத் துணியால் அடைத்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வேறு வகை ஆபத்து. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். பக்கத்தில் தட்டி எழுப்ப இன்னொருவர் இல்லாத நமக்கு, காஸ் கசிவுக்குத் தரை ஓரமாக ஒன்றும், கார்பன் மோனாக்சைடுக்குப் படுக்கைக்கு அருகில் ஒன்றுமாக இரண்டு அலாரங்களும் இருந்தே ஆக வேண்டும். சமையல் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தவே கூடாது. குளிர்ப் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும், புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். உறைபனி இரவில் அடுப்பு எரியாமல் போவதற்குப் பெரும்பாலும் சிலிண்டருக்குள் இருக்கும் கலவையே காரணம்.

ஈரம் அமைதியாக வேலை செய்யும். இரவு முழுக்க நாம் விடும் மூச்சும், ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரும், அந்தச் சின்ன அறைக்குப் பெரிய மழை. காலையில் ஜன்னலில் வழியும் நீரைத் துடைப்பவர்கள்கூட மெத்தைக்கு அடியில் பார்ப்பதில்லை. உடலின் சூடும் அடியில் இருக்கும் பலகையின் குளிர்ச்சியும் சந்திக்கும் இடத்தில் நீர் கோத்து, பலகை கறுத்து, பூஞ்சை பிடிக்கும். நான் பலகைக்கு மேலே காற்றோட்டமான வலை விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன்மேல் மெத்தையை வைத்திருக்கிறேன். விடிந்ததும் மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, தேநீர் குடித்து முடிக்கும் வரை அப்படியே விட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தலைமாட்டுப் பக்கத்தைவிட இடுப்பு படும் இடத்தில் சில்லென்றிருக்கும். எவ்வளவு குளிரானாலும் கூரைத் துவாரத்தையும் ஒரு ஜன்னலையும் விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தே படுக்க வேண்டும்.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி மின்சாரம்; ஈய-அமில பேட்டரியில் அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் அது நீடிக்கும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியை எடுக்கலாம். ஆனால் இந்த இரண்டாவது வகையை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சோலார் பலகையின் ஒரு மூலையில் விழும் மரநிழல்கூட உற்பத்தியைப் பெரிதாகக் குறைத்துவிடும் என்பதால், வெயில் நாளில் நிழலில் நிறுத்துவதா, மின்சாரமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சுமந்து போய்த் தள்ளி வைக்கக்கூடிய பலகை ஒன்று இருந்தால் இரண்டும் கிடைக்கும்.

இனி அந்த இரவுக் கதவைப் பற்றி. வேனுக்கும் டிரெய்லருக்கும் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வேனில் படுக்கையிலிருந்து நேராக ஓட்டுநர் இருக்கைக்குப் போய்க் கிளம்பிவிடலாம். டிரெய்லரில் இருந்தால் வெளியே இறங்கி நடந்துதான் காருக்குப் போக முடியும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒரே இரவு மட்டும் தங்கும் இடத்தில் நான் டிரெய்லரைக் கழற்றுவதே இல்லை. காரின் முகப்பு வெளியே போகும் பாதையைப் பார்த்தபடி நிற்கும். கார் சாவி படுக்கையருகே ஒரே கொக்கியில் தொங்கும். அதிலுள்ள அபாயப் பொத்தானை அழுத்தினால் ஹாரன் அலறும். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, சுற்றி ஒரு நடை நடந்து பார்த்து, இடம் மனத்துக்கு ஒவ்வவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுவேன். அப்படிக் கிளம்பி இன்னொரு இடத்துக்குப் போகப் போதுமான பெட்ரோலும் நேரமும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். எங்கே நிற்கிறேன் என்பதை அங்கிருந்து கிளம்பிய பிறகே வெளியே சொல்வேன். தனியாகவா என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை.

அதே சமயம், ஒரே ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். என் தோழிக்கு ஒவ்வொரு மாலையும் இருக்கும் இடத்தை அனுப்புகிறேன். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும், அதன் பிறகு யாரை அழைக்க வேண்டும் என்பதை இருவரும் முன்பே பேசி எழுதி வைத்திருக்கிறோம். இந்தப் பேச்சு நடக்காமல் அனுப்பப்படும் இருப்பிடச் செய்தியால் பயன் குறைவு. செய்தி வரவில்லை என்பதைப் பார்த்தும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனுஷி தவித்துக்கொண்டிருப்பாள். நம்மைப் போன்ற மற்றப் பெண்களும் துணைதான். பெண்கள் தங்கள் சிறு டிரெய்லர்களுடன் கூடிப் பயணம் செய்வதற்காக அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை' போன்ற குழுக்கள், தனித்திருப்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கைவேலையும் தைரியமும் கற்றுக்கொள்ள இடம் கொடுக்கின்றன.

காகித வேலையைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்கே முன்கூட்டிய அவகாசம் அதிகம் தேவைப்பட்டது. டிரெய்லர் காப்பீடுகளில் பல, வண்டி விடுமுறைக்கு மட்டும் பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அதிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெறாவிட்டால், இழப்பு நேரும்போது கோரிக்கை நிராகரிக்கப்படலாம். வங்கி, ஓட்டுநர் உரிமம், வரி, மருத்துவப் பதிவு ஆகிய அனைத்துக்கும் ஒரு நிலையான முகவரி வேண்டும். அந்த முகவரியில் வரும் கடிதங்களைத் திறந்து படித்துச் சொல்ல நம்பகமான ஒருவரும் வேண்டும். இழுக்கும் எடைக்கு உங்கள் உரிமம் போதுமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் உரிமத்துடன் 750 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதைவிடக் கனமானதென்றால் காரும் டிரெய்லரும் சேர்ந்த அதிகபட்ச எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கூடுதல் தகுதி தேவை.

டயரின் வயதையும் பாருங்கள். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் நின்ற நிலையிலும் பழுதாகும். பக்கச் சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும்.

கடைசியாக ஏற்பாடு செய்தது, நான் நோயுற்றால் என்ன ஆகும் என்பது. சில மாதங்களுக்கு ஓர் அறை வாடகைக்கு எடுக்கப் போதுமான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதைப் பயணச் செலவுக்குத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். காரின் இரண்டாவது சாவியும், கொக்கிப் பூட்டின் மாற்றுச் சாவியும், காஸை எங்கே அடைப்பது, பேட்டரி இணைப்பை எங்கே துண்டிப்பது என்று படத்துடன் எழுதிய ஒரு தாளும் என் தோழியிடம் இருக்கின்றன. டிரெய்லரை இழுக்கத் தெரிந்த ஒருவரின் எண்ணும் அந்தத் தாளின் அடியில் இருக்கிறது. அவரிடம் முன்பே கேட்டு, சம்மதம் வாங்கியிருக்கிறேன்.