30 பவுண்டு சம்பளக்காரி

எங்கள் கல்லூரியில் இளங்கலை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஜேன் அயர்' நடத்துவது பல வருடமாக என் பொறுப்பு. சார்லட் பிரான்டே 1847-இல் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட நாவல். பலர் நாவலைத் திறக்கும் முன்பே ஜெராக்ஸ் நோட்ஸோடு வந்துவிடுவார்கள். கதாநாயகி ஜேன் தன்மானமுள்ளவள், அவள் வேலை பார்க்கும் வீட்டின் முதலாளி ராசெஸ்டர் மர்மமானவர் என்று ஒரு பக்கம். காதல், சமத்துவம், மதம் என்று கருப்பொருள்கள் இன்னொரு பக்கம். நடுவே கதை எங்கே போனது என்று யாருக்கும் கவலை இல்லை.

திகில் பகுதிகளை நான் நடத்தவே வேண்டியதில்லை. மூன்றாம் தளத்தில் கேட்கும் சிரிப்பு, இரவில் தீப்பிடிக்கும் கட்டில், கிழிபடும் கல்யாண முக்காடு எல்லாவற்றையும் அவர்களே ஆசையாகப் படித்துவிடுவார்கள். நான் கேட்பது வேறு. இந்த வீட்டில் யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?

ஜேன், வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை. வருடச் சம்பளம் 30 பவுண்டு. சாகக் கிடக்கும் அத்தையைப் பார்க்க அவள் லீவு கேட்கும்போது ராசெஸ்டர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். தனக்கு வரவேண்டியது 15தான் என்று மறுக்கிறாள். அவர் 10 கொடுக்க, இன்னும் 5 பாக்கி என்கிறாள். வகுப்பே சிரிக்கும். தன்மானத்தைப் பற்றி அதற்குமேல் நான் என்ன சொல்ல?

கல்யாணம் நிச்சயமானதும் அவர் பட்டும் நகையும் வாங்கித் தரக் கிளம்புகிறார். அவளுக்குக் கூசுகிறது. சொந்தக் காசு வர ஒரு வழியிருந்தால் இதைத் தாங்கலாமே என்று, மதேரா தீவிலிருக்கும் அப்பாவின் சகோதரருக்குக் கல்யாணச் செய்தியை எழுதுகிறாள். கடிதம் போய்ச் சேரும்போது அங்கே தங்கியிருந்தவர் ராசெஸ்டரின் மச்சான் மேசன்! அவர் வந்து கல்யாணத்தை நிறுத்துகிறார். ராசெஸ்டர் அத்தனை நாள் மாடியறையில் பூட்டி வைத்த மனைவி பெர்த்தாவின் ரகசியத்தை உடைத்தது ஒரு சம்பளக்காரியின் கூச்சம். இந்த இடத்தில் குணச்சித்திரம் எங்கே முடிகிறது, கருப்பொருள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

அப்புறம் பெர்த்தா. சொத்து முழுவதும் மூத்தவனுக்கே என்று முடிவு செய்த தகப்பன், இளைய மகன் ராசெஸ்டரை ஜமைக்காவுக்கு அனுப்பி, 30,000 பவுண்டோடு வந்த பெண்ணைக் கட்டிவைத்தார். வரதட்சணை என்று நான் சொல்வதற்குள் பின் பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும். விவரம் தெரிந்த பிள்ளைகள். ஜீன் ரீஸ் 1966-இல் பெர்த்தாவின் கதையைத் தனி நாவலாக எழுதினார் என்றால், "அது ஏன் மேம் நம்ம பேப்பர்ல இல்ல?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

மதேராக்காரர் விட்டுப்போன 20,000 பவுண்டை ஜேன் நான்கு பங்காக்குகிறாள். தன் 5,000 பவுண்டோடு, பார்வையிழந்த ராசெஸ்டரிடம் போய் நிற்கிறாள். சமத்துவம் வந்துவிட்டது என்கிறது நோட்ஸ். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, "கல்யாணமானா அந்தக் காலச் சட்டப்படி அவ பணம் புருஷனுக்குத்தானே மேம்?" என்றாள். உண்மைதான். தனியாக ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால் அப்படித்தான். 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. அப்படியானால் அந்த 5,000 யாருடையது? மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை.

இதைப் பரீட்சையில் எழுதலாமா என்று கேட்டார்கள். தாராளமாக எழுதலாம், ஆனால் யார் யாருக்கு எத்தனை பவுண்டு என்பதைச் சரியாக எழுத வேண்டும், அதில்தான் மார்க் என்றேன்.