எண்ணெய் தாங்கும் ரப்பர்

செமினியில் நான் வேலை பார்க்கும் ரப்பர் தொழிற்சாலைக்குக் குழாய் கேட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது, "இயற்கை ரப்பர் மட்டும் வேண்டாம்" என்பதுதான். கனிம எண்ணெய் பட்டால் அது உப்பி இளகிவிடும், உண்மைதான். ஆனாலும் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

அதனால்தான் இயற்கை ரப்பரையே வேதிமுறையில் மாற்றிச் செய்யும் இ.என்.ஆர். ரப்பர் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு. தோட்டத்தில் பாலை உறைய வைக்கப் பயன்படும் அதே ஃபார்மிக் அமிலத்தை ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்து, பால் உறையாமல் காத்துக்கொண்டே, ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனைச் சிறு வளையங்களாக ஏற்றுகிறார்கள். பாதிப் பிணைப்புகளில் ஏறினால் அது இ.என்.ஆர். 50. எண்ணெய் தாங்குவதில் பெட்ரோலியத்திலிருந்து வரும் நைட்ரைல் ரப்பருக்கு அருகில் நிற்கும். பி.வி.சி. பிளாஸ்டிக்கோடும் முழுதாகக் கலந்துவிடும், எங்கள் கலவையும் அதுதான்.

சிக்கல் அதன் பிறகுதான். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்க வழக்கப்படி கந்தகம் போட்டு வேகவைத்தால், சூட்டில் நாள் போகப் போக அந்தக் கந்தகம் அமிலமாக மாறி, நாம் ஏற்றிய ஆக்சிஜன் வளையங்களையே உடைக்கும். ரப்பர் விறைத்துப்போகும். அதற்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றை என்ற கதிர்வீச்சைப் பாய்ச்சினால் கந்தகமே வேண்டாம். கார்பனோடு கார்பனை நேராகப் பிணைக்கும். பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் 30 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் இயந்திரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். தகட்டுக்கும் கம்பி உறைக்கும் அது தாராளம்.

கலவைப் பகுதியில் இருக்கும் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "கதிர்வீச்சை இன்னும் கூட அடிச்சா இன்னும் பலமா வராதா, தங்கச்சி?"

"வராதுண்ணே. பி.வி.சி. கருகிடும்."

மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்க 25 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு போதும். எங்கள் கலவைக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது. ஒரே மூச்சில் 100 கிலோகிரே கொடுத்தால் தகடு கிட்டத்தட்ட 50 பாகை சூடேறும், அதனால் பல சுற்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அளவு மிஞ்சினால் பி.வி.சி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும், மஞ்சளாகி, பழுப்பாகும். அந்த அமிலமும் அதே வளையங்களைத்தான் போய்த் தாக்கும். இழுவிசை ஏறியிருக்கும், ஆனால் நீளாமல் அறுந்துவிடும். டி.எம்.பி.டி.ஏ. என்ற திரவத்தைச் சில பங்கு சேர்த்தால் குறைந்த கதிர்வீச்சிலேயே பிணைப்பு நடக்கும். என்னைக் கேட்டால் இந்த வேலையின் சூட்சுமமே அதில்தான். எவ்வளவு பிணைந்தது என்று பார்க்க, துண்டைக் கொதிக்கும் டி.எச்.எஃப். கரைப்பானில் போட்டு, கரையாமல் மிஞ்சுவதை நிறுத்துப் பார்ப்போம். அண்ணனோ தகட்டை மடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இது எல்லாவற்றுக்குமான ரப்பர் இல்லை. கடுங்குளிரில் விறைக்கும். செம்பனை ஆலையில் குலைகளை வேகவைக்கும் 140 பாகை நீராவிக்கு நான் இதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் படும் கம்பி உறை, குழாயின் மேலுறை, இவற்றுக்குத் தைரியமாகச் சொல்வேன்.

வழக்கமான சோதனை, கனிம எண்ணெயில் 100 பாகையில் 70 மணி நேரம். அதோடு செம்பனை எண்ணெயிலும் ஒரு துண்டைப் போட்டு வைக்கிறேன். இந்த வட்டாரத்தில் குழாய் வாங்கப்போவது அந்த ஆலைகள்தானே.