பக்கத்துப் படகின் மேல் ஒரு துகளும் விழாமல் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்ட மூன்று வாரங்கள்

சிங்கப்பூரில் ஒரு படகுத்துறையில் நிறுத்தியிருக்கும் என்னுடைய 26 அடி கண்ணாடியிழைப் பாய்மரப் படகைச் சென்ற ஜூன் மாதம் கரையேற்றி, கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிர்கள் படிந்த அடிப்பகுதியைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடிக்கும் வேலையைத் தொடங்கினேன். வடகிழக்குப் பக்கம் மூன்று மீட்டர் தள்ளி, புதிதாக மெருகேற்றிய வெள்ளைப் படகு ஒன்று நின்றது. அதன் உரிமையாளர்களான வயதான தம்பதியர் நாள்தோறும் வந்து வேலை செய்தார்கள்.

முதல் நாளே தவறு செய்தேன். துருவேறி இறுகிய ஓர் இரும்பு போல்ட்டைக் கிரைண்டரால் அறுத்தபோது பறந்த தீப்பொறிகளை நான் பொருட்படுத்தவில்லை. இரவு மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால், அந்த வெள்ளைத் தளமெங்கும் கடுகளவு பழுப்புப் புள்ளிகள். சூடான இரும்புத்துகள் கண்ணாடியிழையின் பளபளப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடித்துவிடுகிறது. அவர்கள் வந்ததும் நானே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அனுமதி பெற்று ஆக்சாலிக் அமிலக் கரைசலால் ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தெடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. அதன்பின் அறுக்க வேண்டியவற்றை இரம்பத்தால் கையாலேயே அறுத்தேன்.

பழைய பூச்சைத் தேய்ப்பதுதான் மிகவும் யோசிக்க வைத்த வேலை. பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க அடிக்கும் இப்பூச்சுகளில் பெரும்பாலும் செப்பு ஆக்சைடு இருக்கும். என் படகு 1980களில் கட்டப்பட்டது என்பதால், 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் தடை செய்த வெள்ளீயச் சேர்மமும் அடியடுக்குகளில் இருக்கக்கூடும். அந்தத் தூசு அடுத்தவர் மூச்சிலோ கடலிலோ கலக்கக் கூடாது. அந்நாட்களில் தென்மேற்கிலிருந்து காற்று வீசியதால், நான் கிளப்பும் தூசு நேராக அந்த வெள்ளைப் படகுக்கே போகும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் தேய்க்கலாம் என்றால், மிதவை மேடையோரப் படகுகளில் இரவு தங்கியவர்கள் உறங்கும் நேரம் அது. ஆகவே காலை 7 மணி முதல் ஓசையில்லாத கைச்சுரண்டியும் தண்ணீரில் நனைத்த 80 எண் உப்புத்தாளும், 10 முதல் 12 வரை மட்டும் தூசு உறிஞ்சியோடு இணைத்த சாண்டர் என்னும் தேய்ப்பு இயந்திரமும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன். படகைச் சுற்றித் தரைவரை தார்ப்பாய் கட்டி, கீழே விரித்த தாளில் தேங்கிய சேற்றை வாளியில் அள்ளித் துறையின் அபாயக் கழிவுத் தொட்டியில் சேர்த்தேன். வேலை இரண்டு மடங்கு நாள் பிடித்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

கட்டிய தார்ப்பாயும் கவனம் கேட்டது. இப்பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடிவதற்கு முன் திடீரென வரும் சூறைக்காற்று, அவிழ்ந்த ஓரத்தை அடுத்த படகின் மேல் அறைந்துவிடும். மாலையில் கிளம்புமுன் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, பாய் ஏற்றும் கயிறுகளையும் பாய்மரத்திலிருந்து விலக்கிக் கட்டிவிடுவேன். அலுமினியப் பாய்மரத்தில் கயிறு அடிக்கும் ஓசை இரவு முழுவதும் கேட்டால் யாருக்கும் உறக்கம் வராது.

ஓட்டை அடைக்கப் பாலியெஸ்டர் பிசினைத் தவிர்த்து, அதிலுள்ள ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருளின் நெடியில்லாத எப்பாக்ஸிப் பிசினைத் தேர்ந்தெடுத்தேன். இந்த வெப்பத்தில் அது சீக்கிரம் இறுகிவிடுமென்பதால் மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனர் வேண்டியிருந்தது. பூச்சைத் தெளிக்காமல் உருளையால் இரண்டு கை அடித்தேன்.

படகு மீண்டும் தண்ணீரில் இறங்கிவிட்டது. அடுத்ததாகச் சுக்கானின் தண்டு சுழலும் தேய்ந்த உறையை (புஷ்) தட்டி எடுக்க வேண்டும். சுத்தியல் ஓசை எழும் அந்த இரண்டு பிற்பகல்கள் எவை என்று இப்போது பக்கத்தில் நிற்கும் இரு படகினரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.