டியூ 3

மே 3, சனி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாய் ஒருவன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். உறைகள் ஒரு கட்டு, கடிதங்கள் இன்னொரு கட்டு. யார் பிரித்தார்களோ! உறையும் கடிதமும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தக் காலத்துத் தபால் முத்திரை பலவற்றில் ஊர், மாதம், தேதிதான் இருக்கும், வருஷம் இருக்காது. 'மே 2' என்றால் எந்த மே? 1862-ஆ, 63-ஆ, 64-ஆ? உள்ளே கடிதம் இருந்தால் அவனே எழுதியிருப்பான். வெற்று உறைக்கு ஸ்டாம்ப்தான் கதி.

மூன்று சென்ட் வாஷிங்டன் தலை. மதிப்பு எழுத்தால் மட்டும் இருந்தால் பழைய வரிசை. மேல் மூலை இரண்டிலும் 3 என்று எண்ணும், கீழ் மூலைகளில் யு, எஸ் எழுத்துகளும் இருந்தால் 1861-இல் வந்த புதிய வரிசை. தெற்கத்தித் தபால் நிலையங்களில் கிடந்த ஸ்டாம்பைக் காசாக்கிவிடுவார்கள் என்று, போர் தொடங்கிய சில மாதங்களிலேயே வடக்கு அரசு பழையதைச் செல்லாததாக்கிவிட்டது. நமக்கு அது ஒரு காலக்கோடு.

ஸ்டாம்பே இல்லாத உறைகள்தான் அதிகம். எல்லாவற்றிலும் அதே முத்திரை. டியூ 3. மூன்று சென்ட் பாக்கி.

மே 5, திங்கள்

1864 ஏப்ரல் வரை வரிசை கூடிவிட்டது. அதே வருஷம் மே 3 தேதியிட்ட கடிதத்துக்குப் பிறகு எதுவும் இல்லை.

மே 7, புதன்

'டியூ' என்றால் சிப்பாய்க்கு இலவசம் என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். இலவசம் இல்லை. காசு கொடுப்பவர் மாறுகிறார், அவ்வளவுதான்.

1861 ஜூலைச் சட்டம்: சிப்பாய் முன்பணம் கட்டாமல் கடிதம் போடலாம், வாங்குபவர் மூன்று சென்ட் கட்ட வேண்டும். உறையின் மேல் 'சோல்ஜர்ஸ் லெட்டர்' என்று எழுதி, ரெஜிமெண்ட் பெயர் போட்டு, மேஜர் கையெழுத்திட வேண்டும். பிறகு மற்ற அதிகாரிகளின் கையெழுத்தும் செல்லும் என்றானது. பாதிரியார், மருத்துவர் கையெழுத்துகள் நிறையக் கிடைக்கின்றன.

ஏன் இந்த ஏற்பாடு? சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். 1864-இல்தான் 16 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டிய சம்பளம் நாலு மாதம், ஆறு மாதம் என்று இழுக்கும். கையில் காசு இருந்தாலும் முகாமில் ஸ்டாம்ப் கிடைக்காது. கிடைத்தாலும் சட்டைப்பையில் வியர்வையும் மழையும் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகும். 1862 கோடையில் சில்லறை நாணயங்கள் புழக்கத்திலிருந்து மறைந்துபோய், ஜனங்கள் ஸ்டாம்பையே சில்லறையாகக் கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். தட்டுப்பாடு இன்னும் கூடியது.

1863 ஜூலை 1 முதல், காசு கட்டாத கடிதத்துக்கு இரட்டிப்பு வசூல். சிப்பாய்க்கு மட்டும் பழையபடி மூன்றே. அதற்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதனால் 1863-க்குப் பிந்திய உறையில் 'டியூ 6' கண்டால் முதலில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே நாளில் பெரிய நகரங்களுக்கு வீடு தேடித் தபால் வர ஆரம்பித்தது. கிராமத்துக்கு இல்லை. இவன் மனைவி ஒவ்வொரு முறையும் தபால் நிலையத்துக்குப் போய், காசைக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறாள். கடிதம் வந்ததா என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்களுக்கு முத்திரை கிடையாது.

மே 10, சனி

குறுக்கெழுத்துக் கடிதம். பக்கத்தை நிரப்பிவிட்டு, தாளைக் கால் வட்டம் திருப்பி, எழுதியதன் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறான். படிக்கும் முறை: வண்ண ஸ்கேன், 600 டிபிஐ. கறுப்பு-வெள்ளை வேண்டாம், இரண்டு திசை எழுத்துக்கும் மையின் அடர்த்தி வேறு, அந்த வேற்றுமைதான் பிடிமானம். ஒரு திசையை முழுதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் திருப்ப வேண்டும்.

பென்சில் கடிதங்களுக்குப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விளக்கு. பென்சில் மங்காது, ஆனால் உரசினால் போய்விடும். ரப்பர் தொடவே கூடாது. கையுறையும் வேண்டாம், கழுவித் துடைத்த விரல் போதும், கையுறையில் தாள் முனை சிக்கிக் கிழியும்.

அவன் காதால் கேட்டபடி எழுத்துக்கூட்டுகிறான். திருத்தாமல் அப்படியே எடுத்தெழுத வேண்டும்.

மே 12, திங்கள்

1862 டிசம்பர்க் கடிதத்தில் ஒரு சொல் முழுக்க ஓட்டையாகிவிட்டது. அவன் குழந்தையின் பெயர் என்று நினைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

மாசிக்காய் மை. மாசிக்காய்ச் சாறும் இரும்பு உப்பும். எழுதும்போது வெளிர்நிறம், காற்றுப் பட்டுக் கறுக்கும், காலம் போகப் பழுப்பாகும். அமிலமும் மிஞ்சிய இரும்பும் சேர்ந்து தாளையே அரிக்கும். பேனா அழுத்தமாக ஓடிய இடம், மை தேங்கிய வளைவு, அங்கேதான் முதலில் விரிசல்.

இரும்பைக் காட்டும் சோதனைத் தாளில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டு, உபரி ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, எழுத்தின் மேல் அரை நிமிஷம் அழுத்த வேண்டும். இளஞ்சிவப்பு வந்தால் இரும்பு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். வந்தது. ஈரப்பதம் ஏறி இறங்காத அறைதான் மருந்து. கடிதத்தை நனைத்து மடிப்பு நீக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஈரம் அந்த இரும்பைப் பக்கத்துத் தாளுக்கும் பரப்பும்.

பெட்டி 22-ஆம் தேதி போகிறது.

மே 15, வியாழன்

அவளுக்கு அவன் சொல்லும் முகவரி: பெயர், கம்பெனி (ரெஜிமெண்டின் உட்பிரிவு) எழுத்து, ரெஜிமெண்ட் எண், வாஷிங்டன் டி.சி. முகாம் இருக்கும் ஊரை எழுதக் கூடாது. கடிதம் போவதற்குள் படை நகர்ந்துவிடும். கடிதம் ரெஜிமெண்டைத்தான் துரத்தும்.

அவள் எழுதியவற்றில் இங்கே ஒன்றுகூட இல்லை. சண்டைக்கு முன்னால் சிப்பாய்கள் மனைவியின் கடிதங்களை எரிப்பது வழக்கம். செத்தால் எதிரி படிப்பானே என்று.

மே 16, வெள்ளி

மே 4, 1864: வடக்குப் படை வர்ஜீனியாவில் ராப்பிடான் ஆற்றைக் கடக்கிறது. அப்புறம் சண்டைதான். 5 முதல் 7 வரை வில்டர்னஸ் காடு. 8 முதல் 21 வரை ஸ்பாட்சில்வேனியா. பிறகு கோல்ட் ஹார்பர். கழுத்தில் அடையாள வில்லை கிடையாது. வீட்டுக்கு முறையாகத் தகவல் சொல்லும் அலுவலகமும் கிடையாது. பத்திரிகையில் வரும் பட்டியல், கேப்டனோ கூட இருந்தவனோ மனது வைத்து எழுதும் ஒரு கடிதம், அவ்வளவுதான்.

பொறுக்க முடியவில்லை.

மே 19, திங்கள்

கிடைத்தது!

வெற்று உறைக் கட்டின் அடியில். தெற்கின் பத்து சென்ட் நீல ஸ்டாம்ப், தெற்கின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ் தலை. ஓல்ட் பாயிண்ட் கம்ஃபர்ட் முத்திரை, தெற்கிலிருந்து வரும் கைதிகளின் தபால் வடக்குக்குள் நுழையும் இடம். கறுப்பு மையில் தணிக்கையாளரின் சுருக்கொப்பம். உயிரோடு பிடிபட்டிருக்கிறான்.

கைதியின் கடிதம் வெள்ளைக்கொடிக் கப்பலில் போகும். ஒரே பக்கம், குடும்ப விஷயம் மட்டும், உறை ஒட்டாமல் திறந்தபடி. எல்லைவரைக்கும் தெற்குக் கட்டணம், அதற்குப் பிறகு வடக்குக் கட்டணம். வடக்குக் காசு அவனிடம் ஏது?

ஓரத்தில் டியூ 3. இதற்கும் அவள்தான் கட்டியிருக்கிறாள்.

மே 20, செவ்வாய்

உள்ளே கடிதம் இல்லை. முத்திரையில் வருஷமும் இல்லை.

மே 21, புதன்

ஆண்டர்சன்வில் பட்டியல் பார்க்க வேண்டும். வடக்குக் கைதிகளுக்காகத் தெற்கு பிப்ரவரி 1864-இல் திறந்த சிறை, கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தார்கள். அங்கே கைதியாக இருந்த டோரென்ஸ் அட்வாட்டர் சாவுப் பதிவேடு எழுதும் வேலையில் இருந்துகொண்டே ரகசியமாக ஒரு நகல் வைத்திருந்தார். 1865 கோடையில், போர்க்களத்தில் நர்ஸாக இருந்த கிளாரா பார்ட்டனோடு போய்க் கல்லறைகளுக்குப் பெயர் வைக்க அந்த நகல் உதவியது, 1866-இல் அச்சானது. பெயர், கம்பெனி, ரெஜிமெண்ட், இறந்த தேதி, நோய்.

குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தவறும். ரெஜிமெண்ட், கம்பெனி வாரியாக முதலில். பிறகு எழுத்துக்கூட்டு: இரட்டை மெய், ஒற்றை மெய், கடைசி 'ஈ' விட்டது, முதலெழுத்து 'கே'க்குப் பதில் 'சி'. கம்பெனி எஃப் முடிந்தது, இல்லை. அவன் எஃப்-ஐ எழுதும் விதம் 'டி' போலவும் தெரிகிறது. கம்பெனி டி இனிமேல்தான்