எஸ்பானியோலாவில் போக்குவரத்து நெரிசல்

பசிபிக் கடலில் எக்வடோர் நாட்டுக்குச் சொந்தமான காலபாகோஸ் தீவுகளுக்குப் போவதென்று முடிவானதும் நான் முதலில் கேட்டது, கப்பல் எந்தெந்தத் தீவில் நிற்கும் என்பதைத்தான். அறை, சாப்பாடு எல்லாம் அக்காவின் இலாகா. எனக்கு வேண்டியது தென்கிழக்கு மூலையில் தனியாகக் கிடக்கும் எஸ்பானியோலா. இறகில் அலையலையாகக் கோடு ஓடும் வேவ்ட் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அந்த ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது.

ஒரு வாரத்தில் எல்லாத் தீவையும் பார்த்துவிட முடியாது. ஒரு கப்பல் 14 நாளைக்குள் அதே இடத்துக்கு மறுபடி வரக் கூடாது என்பது தேசியப் பூங்காவின் விதி. அதனால் பயணங்கள் பெரும்பாலும் கிழக்குச் சுற்று, மேற்குச் சுற்று என்று பிரிந்துவிடுகின்றன. பறக்க முடியாத நீர்க்காகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே இசபெலா, ஃபெர்னாண்டினா பக்கம் போக வேண்டும். அக்கா நீர்க்காகத்தின் கட்சி. வாக்குவாதத்தில் நான் ஜெயித்தேன்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலர்; 2024 ஆகஸ்ட் வரை 100தான் இருந்தது. விதையோ பூச்சியோ கூட வந்துவிடக் கூடாதென்று பையைத் துருவிப் பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எஸ்பானியோலாவில் சின்னப் படகிலிருந்து இறங்குகிற இடத்திலேயே கடல் சிங்கங்கள் படுத்திருந்தன. அதைத் தாண்டினால் கடலில் மேயும் பெரிய பல்லிகளான கடல் இகுவானாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கடற்பாசி தின்று உள்ளே போன உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சும். பக்கத்தில் இருப்பவரின் தலையில்தான் விழும், அவரும் கண்டுகொள்வதில்லை. கடல்நீர் சூடாகும் எல் நினோ வந்து பாசி குறைந்தால் இவற்றின் உடல் நீளமே 20 சதவீதம் வரை சுருங்கிவிடும். எலும்போடு சேர்ந்து சுருங்குகிற பிராணி!

பாதையை விட்டு விலகக் கூடாது, எந்த உயிருக்கும் 2 மீட்டருக்குள் போகக் கூடாது, ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான். கேட்க எளிதாக இருக்கிறதா? பாதி வழியில் நீலக்கால் பூபி என்ற கடற்பறவை ஒன்று, பாதையின் நட்ட நடுவில் முட்டையோடு உட்கார்ந்திருந்தது. நின்றோம். சரி, திரும்பலாம் என்றால் பின்னாலிருந்து ஓர் அல்பட்ராஸ் ஆடி ஆடி நடந்து வருகிறது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அது எங்கள் காலடியை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. "நம்மளை ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குதே" என்றார் அக்கா.

பெரிய நிலவேட்டை விலங்கு இல்லாமலே காலங்காலமாக வாழ்ந்த தீவு அது. பயப்பட வேண்டிய தேவையே வரவில்லை. அதே குணம்தான் ராட்சத ஆமைகளுக்கு வினையாகிப் போனது. பல மாதம் தீனியில்லாமல் உயிரோடு இருக்கும் என்பதால், மாலுமிகள் அவற்றைக் கப்பலில் அடுக்கிக் கொண்டுபோய்த் தின்றார்கள். மிச்சப் புல்லை ஆடுகள் மேய்ந்தன. எஸ்பானியோலாவில் கடைசியில் எஞ்சியவை 14 ஆமைகள், அதில் ஆண் இரண்டே இரண்டு. சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து மூன்றாவது ஆணாக டியேகோ என்ற ஆமையைக் கொண்டுவந்து சேர்த்து, சாண்டா குரூஸ் தீவில் வைத்துப் பெருக்கினார்கள். வேலை முடிந்து 2020இல் அந்த 15 கிழங்களும் ஊர் திரும்பின.

அல்பட்ராஸ் ஜோடிகள் அலகோடு அலகு உரசி, வட்டமாகச் சுழற்றி, வாயைப் பிளந்து டக்கென்று மூடி, வாத்து மாதிரி நடந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பக்கத்தில் பழுப்புப் பஞ்சுமூட்டையாக ஒரு குஞ்சு, எதிலும் சேராமல். அப்புறம் ஒன்று மட்டும் தள்ளாடிக்கொண்டே செங்குத்துப் பாறையின் விளிம்புக்குப் போகும். கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் சிறகை விரித்து அப்படியே விழும். கீழே போனதும் காற்று தூக்கிக்கொள்ளும். தரையில் அவ்வளவு அசட்டுத்தனமாக நடந்தது இதுதானா என்று இருக்கும்.

நான் தூக்கிச் சுமந்த நீள லென்ஸைவிட அக்காவின் கைபேசியில்தான் நல்ல படங்கள் விழுந்தன. ஃபிளாஷ் மட்டும் போடக் கூடாது. தண்ணீர் பாட்டிலையும் பத்திரமாக வையுங்கள். அந்தத் தீவின் மாக்கிங்பேர்டு குருவிகள் தாகத்தில் மூடியைக் கொத்திப் பார்க்கும். பாவமாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

மாதத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைதான் அல்பட்ராஸ் தீவில் இருக்கும்; அப்புறம் கடலுக்குப் போய்விடும். நாங்கள் போன அக்டோபரில் கடல் கொஞ்சம் முரடு, தண்ணீரும் குளிர். குமட்டலில் படுத்தே கிடந்த அக்காவுக்கு, கடல் சாதுவாக இருக்கும் பிப்ரவரிதான் சரியாம். மேற்குச் சுற்றுக்கு அவர் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்.